மடை திறக்கறதுக்குள்ள மார்க்கா?

வாடா கண்ணு, குந்து. வாரம் முழுக்க மெட்ராஸ்ல கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டிட்டு, சனிக்கிழமை ஆனா ஜிஎஸ்டி ரோட்டு நெரிசல்ல நசுங்கி, தாத்தனைப் பார்க்க மதுராந்தகம் வர்றியே, எனக்குப் பெருமைதான். ஆனா செருப்பைக் கழட்டின கையோட டீவி முன்னால போயி உட்கார்ந்துக்கறே பாரு, அங்கதான் அந்தப் பெருமை ரவ கசியுது.

போன வாரம் நடந்ததைச் சொல்லவா? ஒரு படத்தைப் போட்டே. பத்து நிமிசம் ஓடிச்சு. "இழுக்குது"ன்னு அடுத்ததுக்குத் தாவினே. அதுல நாயகி பல்லு வெளக்கறதுக்குள்ள மூணாவது. மூணாவதுல நாயகன் பஸ்ஸை விட்டு எறங்கல, அதுக்குள்ள போனை எடுத்து யாருக்கோ "மூணு ஸ்டார்"னு தட்டி வுட்டே. நான் தூங்கறேன்னுதானே நெனச்சுக்கினே? ராத்திரித் தண்ணிக்குக் காவல் கெடந்தவன்டா நான். கண்ணை மூடிக்கினே மடையில தண்ணி ஓடுதா, எவனாவது திருப்பிக்கினானான்னு சொல்லுவேன். மதகைத் தூக்கின அடுத்த நிமிசம் கடைமடைக் கழனிக்கு ஓடிப் போயி, "இன்னும் தண்ணி வர்ல, ரெண்டு ஸ்டாரு"ன்னு நின்னா நீர்க்கட்டி மம்முட்டியாலயே உனக்கு மார்க் போடுவான்.

நான் உன் வயசுல படம் பார்த்தது டூரிங் டாக்கீஸ்ல. தரை டிக்கெட்டு. மணலைக் குமிச்சு மேடு கட்டி அது மேல குந்துவோம். பின்னால இருக்கறவன் தலை மறைக்குதுன்னு முதுகுல ஒதைப்பான். ஒத்தை மிசினு, அதனால ரீலு மாத்தறதுக்கு மூணு நாலு தபா இடைவேளை. படம் புடிக்கலன்னா இன்னா பண்றது? ரிமோட்டா இருந்துச்சு? கொடுத்த காசுக்கு முழுசா பார்த்துட்டு, வரப்பு மேல இருட்டுல திட்டிக்கினே வூடு வந்து சேருவோம். திட்டறதுக்கு ஒரு பாத்தியதை வேணும்ல? அதை மணல்ல குந்தி சம்பாரிச்சோம்.

அதுக்கும் முன்னால கூத்து. துரோபதையம்மன் கோயில்ல பாரதம் வெச்சாங்கன்னா பதினெட்டு நாள். பகல்ல பிரசங்கி கதை படிப்பாரு, ராத்திரியில அதையே வேஷம் கட்டி ஆடுவாங்க. நீ என்னமோ எட்டு எபிசோடை ஒரே ராத்திரியில பார்த்து முடிச்சேன்னு கண்ணு செவந்து வந்து நின்னியே, நாங்க பதினெட்டு நாள் பார்த்துட்டு காலையில நாத்துப் புடுங்கப் போனோம். அர்ச்சுனன் தபசு அன்னிக்கு வேஷக்காரன் பனைமர ஒசரத்துக் கம்பத்துல ஏறுவான். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. நடுவுல தாண்டிப் போவ பட்டன் கெடையாது. தாண்டினா கீழ வுழுவான். உச்சியில நின்னு எலுமிச்சம்பழம் வீசும்போது கீழ புள்ளையில்லாத பொம்பளைங்க முந்தானையை ஏந்திக்கினு நிப்பாங்க. அந்த நேரத்துல எவனும் போனைப் பார்க்கமாட்டான். போனு இல்லன்றது வேற விசயம்.

அதே தபசைத்தான் மாமல்லபுரத்துல பாறையில வெட்டி வெச்சிருக்கான் பல்லவன். அர்ச்சுனன் தபசுன்னு பாதிப் பேரு, கங்கையை எறக்கற பகீரதன் தவம்னு மீதிப் பேரு. ஆயிரத்து முந்நூறு வருசமா கதை இன்னான்னே முடிவாகல, கூட்டம் மட்டும் கொறையல. அதுல ஒரு பூனை ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கினு தவசு பண்ணுது, எலிங்க அதைக் கும்புடுது, பார்த்திருக்கியா? பக்கத்துல நின்னு போட்டோ மட்டும் புடிச்சிருப்பே. அந்தப் பூனைதான்டா கட்டியங்காரன். பெரிய கதைக்கு நடுவுல கோமாளியை எங்க நிறுத்தணும்னு அந்தச் சிற்பிக்குத் தெரிஞ்சிருக்குது. இன்னிக்கு காமெடி ட்ராக் எழுதறவங்களை ஒரு நடை அங்க கூட்டிக்கினு போவணும்.

சரி, நீ போட்டுக் காட்டின படங்களுக்கு வர்றேன்.

பொன்னியின் செல்வன். மணிரத்னம் எடுத்தது, 2022ல ஒரு பாகம், 2023ல ஒரு பாகம். நல்லாத்தான் எடுத்திருக்காரு. உன் ஆயா கதையைப் பார்க்கல, நகையைப் பார்த்தா. "அந்த நந்தினி கழுத்துல இருக்கறது எத்தனை சவரன்"ன்னு நாலு தபா கேட்டா. எனக்கு வேற வயித்தெரிச்சல். வந்தியத்தேவன் குதிரை மேல வீராணத்துக் கரையோரம் பாட்டுப் பாடிக்கினு போறான். போவட்டும், அதுவும் சோழன் வெட்டின ஏரிதான். ஆனா நம்ம ஊருக்குப் பேரு கொடுத்தவன் அந்தப் படத்துல யாரு? மதுராந்தகன். ரகுமான் நடிச்சிருக்காரு. அந்த மதுராந்தகன் இன்னா பண்றான்? பொம்பளை பல்லக்குல ஒளிஞ்சுக்கினு கடம்பூருக்கு வர்றான். திரையை வெலக்கிட்டு மூஞ்சைக் காட்டினான் பாரு, எனக்கு நம்ம ஊர் மானமே அந்தத் திரையில தொங்கின மாதிரி ஆயிடுச்சு.

நெசத்துல அந்த உத்தம சோழன் சுமாரா 970லேர்ந்து 985 வரைக்கும் ஆண்டவன். அவனுக்கு அப்பால வந்தவன்தான் ராஜராஜன். நம்ம ஏரியை வெட்டினது அவன்தான்னு பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து சொல்லிக்கினு வர்றோம். கல்கி கதைக்காக அவனை அப்புடி எழுதிட்டாரு, படத்துல பல்லக்குல ஏத்திட்டாங்க. நாற்காலிக்கு ஆசைப்பட்டவன்னு ஊரே சிரிக்குது. ஆசைப்பட்டா இன்னாடா? நாற்காலிக்கு ஆசைப்படாதவன் எவன் இருக்கான்? ஆசைப்பட்ட எல்லாருமா ஏரி வெட்டினான்? நீ அந்தப் படத்துக்கு நாலு ஸ்டாரு போட்டே. அதுல ஒண்ணரை ஸ்டாரு எங்க ஏரிக்குச் சேர வேண்டியது. படத்துல அவன் வெட்டின ஒரு கால்வாயைக்கூடக் காட்டல.

இதைவிடப் பெரிய கதை நம்ம கரையில கெடக்குது. இத்தனை டைரக்டருங்க ஜிஎஸ்டி ரோட்டுலயே பாண்டிச்சேரிக்குப் போறாங்க, வர்றாங்க, ஒருத்தர்கூட வண்டியை நிறுத்தி எறங்கல. நானே சொல்றேன் கேளு, டைட்டில்ல என் பேரைப் போடச் சொல்லு. கும்பினிக்காரன் காலம். லயனல் பிளேஸ்னு ஒரு கலெக்டர் துரை. நம்ம ஏரி மழைக்கு மழை ஒடைஞ்சுக்கினே கெடந்துச்சாம். துரை கரையைப் பலப்படுத்தினாரு. ராமர் கோயில் அய்யருமாருங்க தாயார் சன்னதி எடுத்துக் கட்டச் சொல்லிக் கேட்டாங்க. "உங்க சாமிக்கு அவ்வளோ சக்தி இருந்தா கரையைக் காப்பாத்தச் சொல்லு, அப்பால பார்க்கலாம்"ன்னு துரை நக்கல் பண்ணாராம். இது மொத சீனு.

1798ன்னு சொல்லுவாங்க. அடைமழை. இப்ப 23.3 அடின்னு கணக்கு வெச்சிருக்கோமே, அந்த ஏரி தளும்புது. அர்த்த ராத்திரி. துரை குடையைப் புடிச்சுக்கினு கரை மேல வர்றாரு. இன்னிக்கு ஒடைஞ்சுதுன்னா உத்தியோகம் போச்சுன்ற பயம் அவருக்கு. மின்னல் வெட்டுது. கரை மேல ரெண்டு வாலிபனுங்க வில்லும் அம்புமா காவல் நிக்கறாங்க. துரை அப்புடியே சேத்துல மண்டி போட்டுட்டாரு. இடைவேளை! காலையில பார்த்தா கரை அப்புடியே நிக்குது. கல்லு மனசு கரைஞ்சு துரை சன்னதி கட்டிக் கொடுத்தாரு, கோயில்ல அதுக்குத் தமிழ்ல கல்வெட்டு இருக்குது. அதுலேர்ந்துதான் நம்ம கோயில் சாமி ஏரி காத்த ராமரு. உள்ள போயிப் பாரு, ராமரு சீதை கையைப் புடிச்சுக்கினு நிப்பாரு. அதுதான் க்ளைமாக்ஸ் க்ளோசப்பு. கிராபிக்ஸே வேணாம். ஐப்பசி மாசத்துல காமிராவைக் கொண்டாந்து கரை மேல வெச்சாப் போதும், மீதியை வானம் பார்த்துக்கும்.

இன்னாடா சிரிக்கறே? துரை வேஷத்துக்கு ஆள் கெடைக்காதுன்னா? நம்ம சினிமாவுல வெள்ளைக்காரனுக்கா பஞ்சம். புதுச்சேரி பீச்சுல நாலு பேரு சொம்மாத்தான் சுத்திக்கினு இருப்பான்.

அப்பால அந்தக் கடைசி விவசாயி. மணிகண்டன் எடுத்தது, 2022ல வந்துச்சு. அதைப் பாதியில நிறுத்திட்டு நீ குளிக்கப் போயிட்டே. நான் முழுசா பார்த்தேன். மாயாண்டியா நடிச்சவரு நல்லாண்டின்னு உசிலம்பட்டிப் பக்கத்து நெசமான விவசாயி. படம் வெளிய வர்றதுக்குள்ள மனுசன் போயிச் சேர்ந்துட்டாரு. தேசிய விருதுல படத்துக்கும் கொடுத்தாங்க, அவர் பேரையும் தனியாச் சொன்னாங்க. குலசாமிக்குப் புது நெல்லு வேணும், ஊர்ல பயிர் வெக்கிற ஆளு இவரு ஒருத்தர்தான். செத்துக் கெடந்த மயிலுங்களைப் பொதைச்சாருன்னு கேஸு போட்டு உள்ள வெச்சுடறாங்க. அந்த மனுசன் ஜாமீனைப் பத்திக் கவலைப்படல, நாத்து காயுதேன்னு கவலைப்படறாரு. கோர்ட்டம்மா போலீஸ்காரனை அனுப்பிப் பயிருக்குத் தண்ணி காட்டச் சொல்றாங்க. போலீஸ்காரன் கழனியில எறங்கற அழகைப் பார்த்து நான் சிரிச்ச சிரிப்புல வெத்தலை பொரை ஏறி, உன் ஆயா தலையில தட்டினா. குளிச்சுட்டு வந்து நீ, "காமெடி படமா தாத்தா"ன்னு கேட்டே. இன்னான்னு சொல்றது?

அதுல யோகி பாபு நெலத்தை வித்து யானை வாங்கறான். நீ அந்த இடத்துல மட்டும் நின்னு சிரிச்சே. நம்ம பக்கம் நெலத்தை வித்தவனெல்லாம் காரு வாங்கினான். கழனியில ப்ளாட்டுக் கல்லு நட்டாச்சு, காரும் பழசாயி செட்டுல நிக்குது. யானையாவது சாணி போடும்டா.

ரொம்ப மெதுவாப் போவுதுன்னே. நாத்து எவ்வளோ வேகத்துல வளருமோ அவ்வளோதான் அந்தப் படம் போவும். ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓட்டிப் பார்க்கலாம்னு உன் ரிமோட்டுல இருக்குதாமே. என் சம்பாவுக்கு அப்புடி ஒரு பட்டன் இருந்தா மொதல்ல அதைக் கொண்டா. ஏரியை ஆழப்படுத்தற வேலைன்னு தண்ணி தேக்காத வருசத்துல நம்ம கழனியும் வெடிச்சுக் கெடந்துச்சு. நவரையும் இல்ல, சொர்ணவாரியும் இல்ல. அந்தப் படத்தை ரெண்டாந்தபா நான் பார்த்தது அப்பத்தான். அன்னிக்கு ஏன் பேசாம திண்ணையில வந்து படுத்துக்கினேன்னு உன் ஆயா இன்னும் கேட்டுக்கினு இருக்கா.

ஜெய் பீம் பத்தி நீ இன்னா சொன்னே? "கோர்ட் சீனெல்லாம் மாஸ்"ன்னே. கோர்ட்டை வுடு. ஆரம்பத்துல அந்த ராஜாகண்ணு எலி புடிக்கறான், பெரிய மனுசன் வூட்டுல பாம்பு புடிக்கப் போறான். அதை எங்கூடச் சேர்ந்து பார்த்தாரு நம்ம ஏரிக்கு அந்தாண்ட இருக்கற இருளர் வூட்டுப் பெரியவரு. திண்ணையிலயே குந்திக்கினாரு, உள்ள வாங்கன்னு நான் ரெண்டு தபா சொல்லியும் வரல. அதுவே ஒரு படம், அதை யாரு எடுக்கறது? பாம்பு சீனு முடிஞ்சதும் அவரு சொன்னாரு: "கையி சரியா வெச்சிருக்கான், கண்ணு மட்டும் காமிராவைப் பார்க்குது." இதான்டா விமர்சனம். ஸ்டாரும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரே வரி. பாம்பைப் புடிச்சவன் சொன்னது.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல வடநெம்மேலியில இருளர் பாம்பு புடிக்கறவங்க சங்கம் இருக்குது, 1978லேர்ந்து. நல்லது, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலையும் உசுரோட புடிச்சாந்து, சில வாரம் பானையில வெச்சு வெசத்தை எடுத்துட்டு, திரும்பக் காட்டுலயே வுட்டுடறாங்க. எங்கியோ வடக்க எவனையோ பாம்பு கடிச்சா ஊசிக்கு வெசம் பெரும்பாலும் இங்கேர்ந்துதான் போவுது. மாசி சடையன், வடிவேல் கோபால்னு நம்ம ஜில்லாக்காரங்க ரெண்டு பேரு. 2017ல அமெரிக்காவுல புளோரிடாவுக்கு மலைப்பாம்பு புடிக்கக் கூட்டிக்கினு போனாங்க. துப்பாக்கி, மிசினு எல்லாம் வெச்சிருக்கற வெள்ளைக்காரன் கண்ணுக்குத் தெரியாதது இவங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. உன் ஹாலிவுட்டுக்காரன் அனகோண்டான்னு ரப்பர் பாம்பை உருட்டினானே, அதை வாயைப் பொளந்துக்கினு பார்த்தவன்தானே நீ?

இப்ப ஒரு ரகசியம். அந்த மலையாளப் படம், தி கிரேட் இந்தியன் கிச்சன். அதை நீ உங்க அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்துட்டு மெட்ராசுக்குப் பஸ் ஏறிட்டே. மாட்டிக்கினவன் நான். அதுல ஒரு மாமனாரு. குக்கர்ல வெச்ச சோறு ஆவாது, வெறகடுப்புல வடிக்கணும். மிசின்ல தொவைச்ச துணி ஆவாது. அப்பனும் புள்ளையும் தின்னுட்டு முருங்கைச் சக்கையை மேசை மேலயே துப்பி வெச்சுட்டு எழுந்து போறாங்க. உங்க அம்மா ஒரு வார்த்தை பேசல. திரும்பி என் எலையைப் பார்த்தா. அன்னிக்குன்னு பார்த்து முருங்கைக்காய் சாம்பாருடா! மூணு சக்கை, வரிசையா, எலைக்கு வெளிய.

மறுநாள் காலையில நான் தின்ன தட்டை நானே கழுவினேன். உன் ஆயா வந்து நெத்தியைத் தொட்டுப் பார்த்தா, ஜுரமான்னு. உங்க அம்மா மட்டும் ஒண்ணும் கேட்காம மோரு கொண்டாந்து வெச்சா. படத்துல ஒழுகற குழாயைச் சரி பண்ண ஆள் கூப்புடச் சொல்லி அந்தப் பொண்ணு சொல்லிச் சொல்லி ஓஞ்சு போவுது, கடைசியில அந்த அழுக்குத் தண்ணியை எடுத்து ரெண்டு பேரு மேலயும் வீசிடுது. நம்ம வூட்டுத் தொட்டிக் குழாய் ஆறு மாசமா ஒழுகிக்கினு இருந்துச்சே, அன்னிக்கே ஆள் வந்துட்டாரு. அந்தப் படத்துக்கு நீ எத்தனை ஸ்டாரு போட்டியோ எனக்குத் தெரியாது. பிளம்பருக்கு நான் முந்நூறு ரூவா போட்டேன்.

கொட்டுக்காளி போட்டப்ப நீ பண்ண கூத்து இருக்குதே! வினோத்ராஜ் படம், 2024ல வந்தது. பின்னணி இசைன்னு ஒண்ணும் வெக்கல. நீ டீவிக்குப் பின்னால பூந்து ஒயரையெல்லாம் ஆட்டினே, சவுண்டு பொட்டியைத் தட்டினே. அதுல சேவல் கூவுது, ஆட்டோ ஒதறுது, சூரி தொண்டை கட்டிக் கத்தறாரு, இவ்வளோ சத்தம் பத்தலையா? அவரு கூட்டிக்கினு போற பொண்ணு வாயைத் தொறக்கமாட்டேங்குது, அதான் அந்தப் படத்துலயே பெரிய சத்தம். நடுவுல ரோட்டை மறிச்சுக்கினு காளை நிக்குது, மீசை வெச்சவனெல்லாம் ஒதுங்கி நிக்கறான், ஒரு சின்னப் பொண்ணு வந்து ஓட்டிக்கினு போவுது. மாடு வளர்த்த எவனும் அதை நம்புவான். முடிஞ்சதும் "க்ளைமாக்ஸ் எங்க?"ன்னு கேட்டே. ஏண்டா, சூரி கடைசியில பார்த்த பார்வைதானே? அதுக்கப்புறம் அவன் இன்னா பண்ணுவான்னு அவனுக்கே தெரியல, உனக்கு மட்டும் எப்புடிச் சொல்றது.

மகாராஜா படத்துக்கு நான் பேசமாட்டேன். அது சவரக்கடைக்காரர் கதை, அதனால நம்ம தெருக்கோடி கடையில கேட்டேன். "கதையை முன்னும் பின்னுமா வெட்டியிருக்காங்க, ஆனா கிருதா சரியா வந்திருக்குது"ன்னு சொன்னாரு. அவரு சொன்னா சரி.

மஞ்ஞும்மல் பாய்ஸ்ல, குணா குகையில வுழுந்தவனைக் கயித்தைக் கட்டி மேல இழுக்கறாங்களே, அதுக்கு மின்னாடியே அவனுங்க வடம் இழுக்கற போட்டியில தோத்ததைக் காட்டினாங்க. அந்த இடத்தை நீ ஓட்டி வுட்டுட்டே. அதனாலதான் கடைசியில இழுக்கும்போது உனக்கு ஒண்ணும் ஆவல, எனக்கு உள்ளங்கை எரிஞ்சுது. தேரு வடம் புடிச்ச கை, அதுக்குத் தெரியும். கெணத்துல வுழுந்த பசுமாட்டை நானும் கயிறு கட்டித் தூக்கியிருக்கேன், ஆனா மாடு நன்றின்னு கட்டிப் புடிச்சுக்கல. ஒதைச்சுது.

சுழல்னு ஒரு சீரிஸ், அதையும் சொல்லிடறேன். மயானக் கொள்ளை நம்ம வட தமிழ்நாட்டுத் திருவிழா. மாசியில சிவராத்திரிக்கு மறுநாள் மேல்மலையனூர் போனா நிக்க இடம் கெடைக்காது. அதைக் கொண்டு போயி எங்கியோ குளுருற ஊர்ல வெச்சு எடுத்திருக்கான். அங்காளம்மாவுக்கு ஸ்வெட்டர் போடாம வுட்டானேன்னு நிம்மதி. ஆனா யாரு கொன்னாங்கன்னு தெரியற வரைக்கும் நான் ஒண்ணுக்குக்கூட எழுந்து போவல, அதையும் ஒத்துக்கறேன்.

ஆகக்கூடி நான் சொல்றது, மார்க் போடாதேன்னு இல்ல. போடு. கம்ப்யூட்டர்காரன் வந்து டொக்கு டொக்குன்னு தட்டி உலகத்தையே காப்பாத்தற படம் ஒண்ணு காட்டினியே, அதுக்குப் போடு. "இவன் தட்டறது ஒண்ணுமே வேலை செய்யாது தாத்தா, சொம்மா திரையில பச்சையா ஓட வுட்டிருக்கான்"ன்னு நீ சிரிச்சே பாரு, அன்னிக்கு ஒன்னை மெச்சிக்கினேன். பாம்புக்காரரு சொன்ன மாதிரியே இருந்துச்சு. அதை வுட்டுட்டு, நாத்து நடறவன் படத்துக்கு ஏசியில குந்திக்கினு ஒண்ணரை ஸ்டாரு குறைச்சா, நான் கண்ணை மூடிக்கினுதான் இருப்பேன், வேற இன்னா பண்றது.

சரி, எழுந்திரு, வெதை நெல்லை மூட்டை கட்டி ஊறப் போட்டிருக்கேன், தூக்கி வடியவெக்க ஒரு கை கொடு. டீவியை அப்பால பார்க்கலாம். எங்க தேடறே? சோபாவுக்கு அடியில இல்ல, அலமாரியிலயும் இல்ல. ரிமோட்டு உன் ஆயா சுருக்குப்பைக்குள்ள போயி ஒரு மணி நேரம் ஆவுது. அந்த நந்தினி நகையை இன்னொரு தபா நிறுத்தி நிறுத்திப் பார்க்கணுமாம்.